கைப்பிடி மெலிந்த வருஷம்

அத்தான் எம்பி, ஓங்கி ஒரு ஸ்மாஷ் அடித்தார். இறகுக் காக் வலையில் விழுந்தது. பேட் வலையைத் தாண்டிப் போனது.

எதிர்ப்பக்கம் நின்ற சேகர் சட்டென்று குனிந்திராவிட்டால் நெற்றி பிளந்திருக்கும். பேட் அவர் தலைக்கு மேலே சுழன்று போய்த் தகரச் சுவரில் மோதியது. கொட்டகை முழுக்க அதிர்ந்தது. பக்கத்துக் கோர்ட்டில் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

பிறகு சேகர்தான் முதலில் சிரித்தார்.

"என்ன சம்பந்தி, கல்யாணத்துக்கு முன்னாடியே மாப்பிள்ளையோட தாய்மாமனத் தீர்த்துக்கட்டப் பாக்குறீகளா?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். வலது கையை அரைக்கால் டவுசரில் துடைத்துக்கொண்டே, "கிரிப்பு வழுக்குது சம்பந்தி. ஒரே வேர்வை" என்றார்.

சேகரே போய்ப் பேட்டை எடுத்து வந்தார். கைப்பிடியை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "அண்ணே, இதத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு சுத்திவிடுங்க. இல்லேன்னா எங்க வீட்டுல பத்திரிகைக்குப் பதிலா கருமாதிக் கார்டுதான் அடிக்கணும்."

நான் அதை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். மேலே சுற்றியிருந்த கிரிப் நாடாவைப் பிரித்தேன். வேர்வை என்றாரே, அது காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ராக்கெட் என்றுதான் எழுத வேண்டுமாம். எங்கள் ஊரில் அது பேட். விளையாட்டு ஷட்டில். இதற்கு மேல் இந்த வயதில் என்னால் திருந்த முடியாது.

அக்கா கேட்டது

போன வாரம் இங்கே என் அச்சகத்துக் கட்டிங் மெஷினைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அக்கா போன் செய்தாள்.

"மெஷினப் பத்திப் பக்கம் பக்கமா எழுதுற. அவுகளப் பத்தி ஒரு வரி எழுதக் கை வரலையாக்கும்?"

வரவில்லைதான். அவளிடம் சொல்லவில்லை. "எழுதுறேன்" என்று வைத்துவிட்டேன்.

அவுக என்றால் அத்தான். அக்காவின் கணவர் கதிரேசன். கோட்டையூரில் ப்ளைவுட் கடை வைத்திருந்தார். தச்சு வேலைக் குடும்பம். அவர் உளியைத் தொட்டதில்லை, பலகை விற்றார். காரைக்குடியில் என் அச்சகம். தினமும் சாயங்காலம் இருவரும் கடையைச் சாத்திவிட்டு, அமராவதிபுதூர் போகிற சாலையில் அரிசி மில்லாக இருந்து இண்டோர் கோர்ட்டாக மாறிய அந்தத் தகரக் கொட்டகையில் சேர்ந்துகொள்வோம். மழை வந்தால் இன்றைக்கும் அங்கே தவிட்டு வாசனை வரும். நானும் அத்தானும் ஒரு பக்கம். மெடிக்கல் கடை சேகரும் ஒரு வங்கிக்காரரும் எதிர்ப்பக்கம்.

வருஷக்கணக்கில் வலைக்கு எதிர்ப்பக்கம் நின்ற சேகர் ஒருநாள் தன் அக்கா மகனுக்கு அத்தானின் மகள் சிவகாமியைக் கேட்டார். பையனும் பெண்ணும் பார்த்தார்கள், பேசினார்கள், பிடித்துப்போயிற்று. தை மாதத்தில் கல்யாணம் என்று நிச்சயமானது. அந்த இடைப்பட்ட மாதங்களில் நடந்ததைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அத்தான் இப்போது இல்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசிப் பத்தியில் போட்டு உங்களை அழவைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

கிரிப் சுற்றுகிறவன்

எங்கள் கொட்டகையில் கிரிப் மாற்றுவது என் வேலை. யாரும் நியமிக்கவில்லை. ஒட்டுவதும் வெட்டுவதும் என் பிழைப்பு என்பதால் பேட்டுகள் தாமாக என் மடிக்கு வந்து சேர்ந்தன.

பார்க்கச் சுலபமாகத்தான் இருக்கும். கைப்பிடியின் அடியில் தொடங்க வேண்டும். ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று கொஞ்சம் ஏற வேண்டும், அதிகம் ஏறினால் மேடு தட்டும். இழுத்துச் சுற்ற வேண்டும், ரொம்ப இழுத்தால் மெத்தென்று இருக்காது. மேலே வந்ததும் டேப் போட்டு முடிக்க வேண்டும். புது கிரிப்பின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். எங்கள் வங்கிக்காரர் அதை உரிக்காமலேயே சுற்றிக்கொண்டு, கை வழுக்குகிறது என்று ஒரு வாரம் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். அத்தனை பேருக்கும் கடன் கொடுக்கிற ஆள்.

தேர்ந்தெடுப்பது இன்னும் வம்பு. ரப்பர் மாதிரி ஒட்டுகிற மெல்லிசு ரகம் ஒன்று. வேர்வைக்காரர்களுக்குத் பூத்துவாலை மாதிரியான துணி ரகம். அது வேர்வையை உறிஞ்சும், சில நாளில் செத்த எலி நாற்றம் அடிக்கும். மாற்றச் சொன்னால், இது ராசியான கிரிப் என்பார்கள்.

எனக்கு முதலில் கிடைத்த பேட்டில் கிரிப்பே இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது யாரோ கழித்துப்போட்டது. சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றிக்கொண்டேன். ஆடி முடித்தால் உள்ளங்கை கரியாக இருக்கும். வீட்டில் கதவு, சொம்பு, அக்காவின் பாவாடை எல்லாவற்றிலும் என் கை பதிந்திருக்கும். அக்கா என்னை அடித்ததெல்லாம் பெரும்பாலும் அதற்காகத்தான்.

ஷட்டில் ஆடுகிறவர்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. தோற்றால் காற்று காரணம், மூடிய கொட்டகையிலும் காற்று காரணம். அடுத்து லைட். அடுத்து காக். கடைசியாகக் கிரிப். கை மட்டும் ஒருநாளும் குற்றவாளி ஆகாது. நாற்பதைத் தாண்டியவர்களிடம் இந்தக் குணம் முற்றியிருக்கும். அதனால்தான் அத்தான் கிரிப்பைக் குறை சொன்னபோது ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

தடிமன்

கைப்பிடியின் அளவுக்கு ஜி-ஃபோர், ஜி-ஃபைவ் என்று எண் உண்டு. எண் ஏற ஏறக் கைப்பிடி ஒல்லியாகும். அத்தான் எப்போதும் ஒல்லிக் கட்சி. ஒல்லியான கைப்பிடியில்தான் மணிக்கட்டு சுதந்திரமாகச் சுழலும் என்பார். தடித்த கைப்பிடிக்காரர்களை, "மம்பட்டி பிடிக்கிறாக" என்று கேலி செய்வார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் என்னிடம் வந்து, "மாப்ள, இன்னொரு சுத்து போடு. கைப்பிடி மெலிஞ்சுபோச்சு" என்றார்.

"மரம் எப்படி அத்தான் மெலியும்? ஆசாரி வீட்டுல பொறந்துட்டு பேசுற பேச்சா இது?"

"நெசமாத்தாண்டா. பிடிச்சா உள்ள ஆடுது."

பழைய கிரிப்பின் மேலேயே புதிதாக ஒன்று சுற்றினேன். பத்து நாள் கழித்து இன்னொன்று கேட்டார். பிறகு இன்னொன்று. கைப்பிடி உலக்கை மாதிரி ஆயிற்று. பேட்டின் தலை கனமில்லாமல் பஞ்சாகிவிட்டது. "இத வச்சுக்கிட்டு ஷட்டில் ஆட முடியாது, புட்டுக்கு மாவுதான் இடிக்கலாம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போனார். அப்படியும் பேட் பறந்தது. தகரச் சுவரில் அது விழுந்த தடம் இன்னும் இருக்கிறது.

மற்ற மாற்றங்களும் கண்ணில் பட்டன, மண்டையில்தான் ஏறவில்லை. பட்டன் சட்டையை விட்டுவிட்டு டி-ஷர்ட்டுக்கு மாறினார். மகளுக்குக் கல்யாணம் வைத்ததும் அப்பனுக்கு வயது திரும்புகிறது என்று நானும் அக்காவும் கிண்டல் செய்தோம். கடையின் ஷட்டரை இழுக்கப் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். துருப்பிடித்திருக்கும் என்று நினைத்தேன்.

எதிர்ப்பக்கம்

ஒரு மத்தியானம் அத்தான் அச்சகத்துக்கு வந்தார். சாப்பாட்டு நேரம், வேறு யாரும் இல்லை. பேட்டை என் மேசை மேல் வைத்தார்.

"எல்லாத்தையும் பிரிச்சுட்டு ஒண்ணே ஒண்ணு சுத்து மாப்ள. எதிர்ப்பக்கமாச் சுத்து."

கிரிப்பை வலது கைக்காரருக்கு ஒரு பக்கமாகச் சுற்ற வேண்டும், இடது கைக்காரருக்கு அதற்கு எதிர்ப்பக்கமாக. மாறிப்போனால் பிடித்து அடிக்கும்போது விளிம்பு விரலில் உரசிப் பிரிந்துகொண்டு வரும். எங்கள் கோர்ட்டில் இடது கைக்காரர் யாரும் கிடையாது.

"யாருக்கு அத்தான்?"

"எனக்குத்தான்."

வலது கையை மேசை மேல் நீட்டினார். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொழுக்கட்டை மாதிரி ஒரு சதை இருக்குமே, பேட் பிடித்தால் கைப்பிடி வந்து உட்காருகிற இடம், அங்கே பள்ளம் விழுந்திருந்தது. ஒரு கொட்டைப்பாக்கு வைத்தால் உருளாமல் நிற்கும். மெலிந்தது கைப்பிடி இல்லை.

மதுரைக்குப் போய்வந்திருக்கிறார்கள், அவரும் அக்காவும். சரக்கு எடுக்கப் போவதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தார்கள். நரம்பு வியாதி. வலது கையில் ஆரம்பித்திருக்கிறது, இடது கைக்கும் வரும், பிறகு காலுக்கு, பிறகு தொண்டைக்கு. நிறுத்த மருந்து இல்லை, கொஞ்சம் தள்ளிப்போடத்தான் இருக்கிறதாம். பிள்ளைக்கு வராது என்று டாக்டர் சொன்னாராம். ப்ளைவுட் அளவு சொல்கிற அதே குரலில் சொன்னார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். எழுந்து போய் ஓடாத மெஷினை ஒரு முறை துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"உங்க அக்காவுக்குத் தெரியும், இப்ப உனக்குத் தெரியும். கல்யாணம் முடியிற மட்டும் வேற யாருக்கும் தெரியக் கூடாது. பிள்ளைக்குத் தெரியவே கூடாது."

"சேகர்ட்ட மட்டும் சொல்லிருவோம் அத்தான். நல்ல மனுஷன்."

"அவுக நல்லவுகதான்டா. அவுக வீட்டுல அத்தனை பேரும் நல்லவுகளா? 'அப்பனுக்கு நரம்பு வியாதியாம், பொண்ணுக்கு வராதா'ன்னு ஒருத்தர் கேட்டாப் போதும். அப்பறம் சிவகாமிய எங்குட்டுக் கொண்டுபோய்க் குடுப்பேன்?"

"வராதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"எனக்குச் சொன்னாரு. ஊருக்கு யாரு சொல்றது?"

ஆடுவதை நிறுத்திவிடுங்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள், வலைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவரே மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்றார். அதுவும் சரிதான்.

சுற்றத் தொடங்கினேன். என் கை பழக்கதோஷத்தில் பழைய பக்கமே போயிற்று. பிரித்தேன். மறுபடியும் அதே பக்கம் போயிற்று.

சேகரின் களிம்பு

தோள்பட்டை வலி என்று சொன்னோம். ஷட்டில்காரர்களிடம் தோள்பட்டை என்று சொன்னால் அதற்கு மேல் கேள்வி வராது, ஆளுக்கொரு வைத்தியம்தான் வரும். வலது கைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், அதுவரை இடது கையால் ஆடுகிறேன் என்றார் அத்தான்.

நன்றாக ஆடவில்லை. அவர் அடித்த காக் கூரையில் போய்ச் செருகிக்கொள்ளும். எல்லோரும் சிரிப்பார்கள், எல்லோரையும்விட அவர் அதிகமாகச் சிரிப்பார். வலது கையை டவுசர் பைக்குள் வைத்துக்கொள்வார். சர்வீஸ் போடும்போது காக் பிடிக்க மட்டும் அது வெளியே வரும். பல நாள் அதுவும் நழுவும்.

சேகர் கடையிலிருந்து களிம்பு கொண்டுவந்தார். தோள்பட்டைக்கு மாட்டுகிற உறை கொண்டுவந்தார். ஒருநாள் விலை உயர்ந்த கிரிப் ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.

"சம்பந்திக்குச் சுத்திவிடுங்கண்ணே. இடது கைன்னா எதிர்ப்பக்கமாச் சுத்தணுமாமே, வீடியோவுல பார்த்தேன்."

அந்த மனிதர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. எங்களிடம் இவ்வளவு நல்லவராக இருக்காதீர்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. "சரிங்க" என்று வாங்கிக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அத்தானே அவரிடம் சொன்னார். சேகர் கோபப்படவில்லை. "என்கிட்டச் சொல்லியிருக்கலாமே சம்பந்தி" என்று மட்டும் சொன்னாராம். அப்புறம் கொஞ்ச நாள் அவர் கோர்ட்டுக்கு வரவில்லை. பிறகு வந்தார். ஆனால் என்னிடம் பழைய மாதிரி பேசியதில்லை, இன்று வரைக்கும்.

அச்சகத்தில் ஒத்திகை

கல்யாணப் பத்திரிகை என் அச்சகத்தில்தான் அடித்தோம். ப்ரூஃப் பார்க்க வந்த அன்று அத்தான் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"கைய நீட்டு மாப்ள. சிவகாமி கைன்னு நினைச்சுக்கிறேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வழக்கத்தில், தாரை வார்க்கும்போது பெண்ணின் அப்பா தன் வலது கையால் பெண்ணின் வலது கையைப் பிடித்து, தூக்கி, மாப்பிள்ளையின் கையில் வைக்க வேண்டும். பெண்ணின் அம்மா அதன் மேல் செம்பிலிருந்து நீர் வார்ப்பாள். வார்த்து முடியும்வரை அப்பா கையை எடுக்கக் கூடாது. கோர்ட்டில் இடது கையால் சமாளித்துவிட்டார். மணவறையில் இடது கை ஆகாது.

கையை நீட்டினேன். பிடித்தார். விரல்கள் வந்து என் கை மேல் உட்கார்ந்தன, மூடவில்லை. தூக்கப் பார்த்தார். என் கை இருந்த இடத்திலேயே இருந்தது, அவருடைய கை நழுவி மேசையில் விழுந்தது.

"உன் கைக்கு எவன்டா கிரிப் போட்டது? இப்படிச் சொரசொரன்னு இருக்கு" என்றார்.

நான் சிரித்தேன். அவர் மறுபடியும் பிடித்தார். மறுபடியும் விழுந்தது. நானே கொஞ்சம் தூக்கிக் கொடுத்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நீ தூக்காத. அவ எனக்குத் தூக்கிக் குடுக்கவா போறா?"

அதன் பிறகு பல மத்தியானங்கள் வந்தார். இரண்டு ஆண்பிள்ளைகள் சாத்திய கதவுக்குப் பின்னால் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கை தேறவில்லை. வாரத்துக்கு வாரம் மோசமாயிற்று. கோர்ட்டில் தோற்றபோதெல்லாம் சிரித்தவர் அச்சகத்தில் சிரிப்பதை நிறுத்திவிட்டார். ஒருநாள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இந்த ஒண்ணு மட்டும் நடந்துட்டாப் போதும் மாப்ள. அப்பறம் இந்தக் கைய நாய்க்குப் போட்டுறலாம்" என்றார். அன்று அவர் போன பிறகு நான் அழுதேன்.

வலது கை

கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. தாய்மாமன் என்பதால் நான் மணவறைக்குப் பக்கத்திலேயே நின்றேன். அத்தானுக்குப் பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும் நான்தான் கட்டிவிட்டேன். வலது கை மேல் அங்கவஸ்திரம் விழுகிற மாதிரி பார்த்துக்கொண்டேன். எதிரே முதல் வரிசையில் சேகர் நின்றிருந்தார். அவரைச் சுற்றி அவர்கள் வீட்டுக் கூட்டம், பாதிப் பேர் கையில் செல்போன்.

அக்கா செம்பைக் கையில் எடுத்தாள். ஐயர் சொன்னார்: "பொண்ணு கையப் பிடிச்சு மாப்பிள்ளை கையில வைங்கோ."

சிவகாமி கையை நீட்டினாள். மருதாணி போட்ட கை, முழங்கை வரை வளையல். மாப்பிள்ளை உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தார்.

அத்தானின் வலது கை மடியில் கிடந்தது. தோளை அசைத்துப் பார்த்தார். கை கொஞ்சம் நகர்ந்தது, எழவில்லை. அவர் நெற்றியில் பொடித்த வேர்வை எனக்குத் தெரிந்தது. அவரை அறியாமல் இடது கை எழுந்து வலது கையைத் தூக்க வந்தது.

"எடது கை வேண்டாம், வலது கை" என்றார் ஐயர். கூட்டத்தில் யாரோ, "என்ன, பொண்ணக் குடுக்க மனசு வரலையா?" என்று கேலி செய்தார்கள். சிரிப்பு எழுந்தது. அத்தான் இடது கையை இறக்கிக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார். என்னால் என்ன செய்ய முடியும்? அவ்வளவு பேர் பார்க்கிறார்கள்.

அப்போது சிவகாமி நீட்டிய கையை அவர் மடிக்குக் கொண்டுபோனாள். தலையைக் குனிந்தபடியே, அவர் கைக்கு அடியில் தன் கையைச் செருகினாள். அவருடைய விரல்கள் தன் கைக்கு மேலே வரும்படி வைத்து, பெருவிரலால் அவற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மெதுவாகத் தூக்கினாள். வளையல் சத்தம்கூடக் கேட்கவில்லை.

தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு, அப்பா மகளின் கையைப் பிடித்துத் தூக்கினார். மாப்பிள்ளையின் கையில் வைத்தார். அக்கா நீர் வார்த்தாள். கொஞ்சம் வெளியே சிந்தியது. மேளம் கொட்டியது. நீர் வார்த்து முடிகிற வரையில் சிவகாமி அந்தப் பெருவிரலை எடுக்கவில்லை. அவளிடம் யாரும் சொல்லவில்லை. எப்போது தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று நான் இதுவரை கேட்டதும் இல்லை.

முடிந்ததும் அவர் கையைப் பழையபடி தூக்கி வந்து மடியில் வைத்துவிட்டு, மாப்பிள்ளை பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்வதுபோல் குனிந்தேன். அத்தான் என் காதருகே கேட்டார்.

"பிடிச்சுக் குடுத்துட்டேன்ல மாப்ள?"

"குடுத்துட்டீக அத்தான்."

அவர் தலையை ஆட்டினார். அவருடைய வலது கை, மருதாணி வாசனையோடு, அவள் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது.